கொள்ளிடக் கரையின் பச்சை

ஏலாக்குறிச்சியைத் தமிழ் படித்தவர்கள் பெரும்பாலும் வீரமாமுனிவரின் பெயரோடு சேர்த்தே அறிந்திருப்பார்கள். அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே, திருமானூர்ப் பக்கம் உள்ள ஊர் அது. இந்த அத்தியாயத்தை அங்கே தொடங்குவதற்குக் காரணம் அந்த வட்டாரத்தின் நிலம். சம்பா நெல் தூர்கட்டி நிற்கும் நாட்களில் ஆற்றுப் பக்கமாக ஒரு நிலக்காட்சிப் படம் எடுத்தால் நெல்வயல், வரப்புப் புல், வைக்கோல் போர், ஆற்று மணல், நாணல், வானம், வானத்தைக் காட்டும் தண்ணீர் என எல்லாமே ஒரே சட்டத்துக்குள் வந்துவிடலாம். அந்தப் படத்தைக் கணினியில் திறந்தால் வயல் மட்டும் சோர்ந்து தெரிகிறது. பச்சையைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும் என்று தோன்றுகிறது. திருத்த மென்பொருளில் ‘பச்சை’ என்று எழுதியிருக்கும் ஸ்லைடரைத் தள்ளிப் பார்த்தால் வயல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ‘மஞ்சள்’ ஸ்லைடரைத் தள்ளினால் வயல் சட்டென்று மாறுகிறது. கூடவே வைக்கோலும் மணலும் வரப்பில் நிற்பவரின் முகமும் மாறிவிடுகின்றன. மென்பொருள் சரியில்லை என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். மென்பொருள் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. நிறத்தைச் சொன்னால் பொருளைச் சொன்னதாகிவிடும் என்ற நம் நம்பிக்கையில்தான் பிழை இருக்கிறது. நிறத்தோடு இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாஸ்க் என்பது அந்த இடத்தைச் சொல்லும் வழி. அதைக் கவனமாகப் பயன்படுத்திய படம், முழுப் பரப்பையும் ஒரேயடியாகத் திருத்திய படத்தைவிட நிலத்துக்கு நேர்மையானது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் இலையின் பச்சையைப் பார்ப்போம். இலையில் உள்ள பச்சையம் இரண்டு இடங்களில் ஒளியை வலுவாக உறிஞ்சுகிறது: பச்சையம் ஏ என்ற வகை 430 நானோமீட்டரை ஒட்டிய நீலத்தையும் 662 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பையும் விழுங்குகிறது. இடையில் 550 நானோமீட்டர் வாக்கில் உறிஞ்சுதல் குறைவதால் அந்த ஒளி கொஞ்சம் தப்பித்து வெளியே வருகிறது. நாம் பச்சை என்று சொல்வது அந்த மிச்சத்தை. அது ஒரு கூர்மையான கோடாக வருவதில்லை. மஞ்சளை நோக்கிச் சரிகிற அகலமான மேடாக வருகிறது. நம் கண்ணின் கூம்பு செல்களும் அதற்கேற்றவையே. மூன்று வகைக் கூம்புகளின் உச்சங்கள் சுமார் 420, 534, 564 நானோமீட்டரில் இருக்கின்றன. கடைசி இரண்டுக்கும் இடையே 30 நானோமீட்டர்தான் இடைவெளி. அந்த இரண்டுக்கும் உள்ள சிறு வித்தியாசத்தைக் கொண்டுதான் நாம் இளம் நாற்றையும் முற்றிய பயிரையும் பிரித்தறிகிறோம்.

கேமராவிடம் இந்த நுட்பம் இல்லை. கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களிலும் கைபேசிகளிலும் இருக்கிறது. உணர்தளத்தின் புள்ளிகளில் பாதி பச்சைக்கும், கால்வாசி சிவப்புக்கும், கால்வாசி நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டவை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்புகிறார்கள். அதாவது, கைபடாத படம் என்று நாம் நினைக்கும் படத்திலேயே நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு கணிப்பு. அப்படிக் கிடைத்த எண்களில் வெயில் படும் ஒரு நெல் இலை எப்படி இருக்கும்? மாதிரிக்கு, சிவப்பு 120, பச்சை 140, நீலம் 60 என்று வைத்துக்கொள்வோம். 360 பாகையாக விரியும் நிறச் சக்கரத்தில் மஞ்சள் 60-ஆம் பாகையிலும் தூய பச்சை 120-ஆம் பாகையிலும் இருக்கின்றன. நம் இலை நிற்பது 75-ஆம் பாகையில், மஞ்சளின் வீட்டு வாசலில். சிவப்பு 200, பச்சை 180, நீலம் 90 கொண்ட வைக்கோலைக் கணக்கிட்டால் 49 பாகை வருகிறது. சிவப்பு 200, பச்சை 180, நீலம் 140 கொண்ட மணல் 40 பாகை. உயிருள்ள பயிருக்கும் ஆற்று மணலுக்கும் 35 பாகை தூரம்தான். மஞ்சள் ஸ்லைடர் மூன்றையும் ஒன்றாக அள்ளுவதில் வியப்பில்லை. தமிழுக்கு இது புதிதும் இல்லை. பசுமை என்ற அதே வேரிலிருந்துதான் பசும்பொன்னும் பசலையும் வந்தன. பச்சையையும் மஞ்சளையும் ஒரு குடும்பமாகப் பார்க்கும் பார்வை சொல்லிலேயே இருக்கிறது.

நீலத்தில் குழப்பம் இன்னும் ஆழமானது. வானம் நீலமாக இருப்பதற்குக் காரணம் காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் விதம். சிதறல், அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர் விகிதத்தில் இருக்கிறது. ஆகவே 450 நானோமீட்டர் நீலம் 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறுகிறது. அந்த நீலம் வானத்தோடு நின்றுவிடுவதில்லை. ஆற்றுநீரின் மேற்பரப்பில் பிரதிபலிக்கிறது. மர நிழலில் விழுகிறது. ஏனென்றால் நிழலுக்குச் சூரியன் தெரியாது, வானம் மட்டுமே தெரியும். தொலைவில் உள்ள தோப்பின் மேலும் ஒரு மெல்லிய நீலத் திரையாகப் படிகிறது. படத்தில் இந்த நான்கும் பக்கத்துப் பக்கத்து எண்கள். வானத்தின் நீலத்தைக் கூட்டினால் நிழலில் நிற்கும் வெள்ளைச் சுவர் நீலம் பூசியது போலாகிவிடும்.

இங்கே சர் சி. வி. ராமனை நினைக்காமல் இருக்க முடியாது. கொள்ளிடத்தின் மேற்பகுதியில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவானைக்காவலில் 1888-இல் பிறந்தவர். 1921-இல் ஐரோப்பாவிலிருந்து நார்குண்டா என்ற கப்பலில் திரும்பும்போது, கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்ற அன்றைய கருத்தை அவர் சோதித்தார். நீர்ப்பரப்பிலிருந்து குறிப்பிட்ட கோணத்தில் திரும்பும் ஒளி ஒரு தளத்தில் மட்டுமே அதிரும். ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் நிக்கோல் பட்டகத்தைத் தகுந்தபடி திருப்பினால் அதைத் தடுத்துவிடலாம். அப்படித் தடுத்த பிறகும் ஆழ்கடலின் நீலம் மறையவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்த வழி அது. அவர் கண் முன்னால் இரண்டு நீலங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. நிறத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அவற்றைப் பிரித்திருக்க முடியாது. ஒளியைப் பற்றிய இன்னொரு செய்தியை, அதன் அதிர்வுத் தளத்தை, சேர்த்துக் கேட்டபோதுதான் அவை பிரிந்தன. நிலக்காட்சிப் படத்தில் நமக்குத் தேவைப்படும் இன்னொரு செய்தி, இடம்.

மாஸ்க் அந்தச் செய்தியைச் சுமக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். மூலப் படத்தின் அதே அளவில் அதன் மேல் பொருந்தி நிற்பது. மூலப் படம் கீழே இருக்கிறது. அதன் மேல் மாற்றத்தைச் செய்யும் ஓர் அடுக்கு. அந்த அடுக்கோடு மாஸ்க் ஒட்டியிருக்கிறது. மாஸ்க்கில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் மாற்றம் முழுதாகத் தெரியும். கறுப்பாக இருக்கும் இடத்தில் மூலம் அப்படியே நிற்கும். சாம்பலாக இருந்தால் இரண்டும் கலக்கும். கணக்கு எளியது: மாற்றிய மதிப்பை மாஸ்க்கின் எண்ணால் பெருக்கு, மூல மதிப்பை ஒன்றிலிருந்து மாஸ்க் எண்ணைக் கழித்த மிச்சத்தால் பெருக்கு, இரண்டையும் கூட்டு. ஓர் இலைப்புள்ளியின் பச்சை 140-ஆக இருந்து, திருத்தம் அதை 160-ஆக்கினால், மாஸ்க் 1 ஆன இடத்தில் 160, 0 ஆன இடத்தில் 140, பாதியில் 150. சாதாரண மாஸ்க்கில் இதற்கு 256 படிகள் உண்டு. இந்தக் கணக்குக்கு இன்று வழங்கும் வடிவத்தை 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் எழுதிய கட்டுரை தந்தது. ஃபோட்டோஷாப் 1994-இல் மூன்றாம் பதிப்பில் அடுக்குகளையும், 1996-இல் நான்காம் பதிப்பில் திருத்த அடுக்குகளையும் கொண்டுவந்தது. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் லேயர் மாஸ்க் இருக்கிறது.

எண்ணம் மட்டும் கணினியைவிட மிகப் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒளிப்படத் தகடுகளும் தாள்களும் நீலத்துக்கு மட்டும் அளவுக்கு மீறிக் கூசின. நிலத்துக்குச் சரியாக ஒளி கொடுத்தால் வானம் வெளுத்துப் போகும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850-களில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் இணைத்து அச்சிட்டார். நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் லின்னேயஸ் ட்ரைப். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1858-இல் தஞ்சாவூர், திருவரங்கம், மதுரை எனப் பயணம் செய்து அவர் எடுத்த படங்கள் இன்றும் ஆய்வாளர்களுக்கு ஆவணங்கள். மெழுகுத் தாள் நெகட்டிவின் மேல் தூரிகையால் சாயம் தொட்டு, வெளுத்த வானத்தில் மேகங்களை அவர் வரைந்திருக்கிறார். மர இலைகளையும் தொட்டுத் திருத்தியிருக்கிறார். சாயம் பட்ட இடத்தில் ஒளி குறைந்தது, படாத இடத்தில் அச்சு மாறவில்லை. லேயர் மாஸ்க் செய்வதும் அதையே. ஒரு வேறுபாடு, அதில் மூலம் கெடுவதில்லை. ட்ரைப்பின் மேகத்தை நெகட்டிவிலிருந்து சுரண்டி எடுக்க இயலாது. கணினி மாஸ்க்கை ஒரு சொடுக்கில் அணைத்து, கீழே இருப்பதைப் பார்த்துவிடலாம். இந்த ஒரு வேறுபாட்டுக்கு நான் பெரும் மதிப்புக் கொடுக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

செய்முறையில் நிறத்தையும் இடத்தையும் இரண்டு சல்லடைகளாக அடுக்குவது சிறந்தது. முதலில் மென்பொருளிடம் 60 முதல் 90 பாகை வரையிலான நிறங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வயலும், நாணலும், பழுத்த புல்லும், சில வைக்கோல் நுனிகளும் மாஸ்க்கில் வெளுத்துத் தெரியும். அதன் மேல் கறுப்புத் தூரிகையால் வயலுக்கு வெளியே உள்ளவற்றை மூட வேண்டும். இரண்டு சல்லடையிலும் தங்கும் புள்ளிகள் மட்டுமே திருத்தம் பெறும். தூரிகை மட்டும் போதாதா என்றால், போதாது: வரப்போரம் வயலுக்குள் சாய்ந்த வைக்கோலையும் நெல் தாள்களுக்கிடையே மின்னும் தண்ணீரையும் கையால் ஒதுக்கவே முடியாது, அதை நிறம்தான் ஒதுக்கித் தரும். எல்லையின் மென்மையும் இடத்துக்கு இடம் மாற வேண்டும். வயல் தொலைவில் காற்றின் நீலத்தில் கரையும் இடத்தில் மாஸ்க்கும் மெல்லக் கரைய வேண்டும். பனை ஓலை வானத்தை வெட்டும் இடத்தில் மாஸ்க் கத்தி போல் இருக்க வேண்டும். இங்கே ஜேபெக் கோப்பு கைவிடும். அதன் வழக்கமான சுருக்கத்தில் நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறத் தகவல்தான் சேமிக்கப்படுகிறது. ஓலை விளிம்பில் எடுத்த நிற மாஸ்க் படிக்கட்டு போல வரும். 12 அல்லது 14 பிட்டில் பதிவாகும் ரா கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 4,096 அல்லது 16,384 படிகள் இருக்கின்றன, ஜேபெக்கில் 256. மாஸ்க் வைத்து உழைக்க நினைப்பவர் ரா கோப்பில் எடுப்பதே முறை.

இனி எதிர்ப்புகள். படம் முழுவதையும் ஒரே அளவில் திருத்துவது நியாயம், ஒரு மூலையை மட்டும் தொடுவது மோசடி என்று சொல்பவர்கள் உண்டு. எல்லாரையும் ஒன்றாக நடத்துவது நேர்மை என்ற உணர்வு இதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த உணர்வை மதிக்கிறேன். ஆனால் நிலத்தின் மேல் ஒளி ஒன்றாக விழுவதில்லை. நண்பகல் வெயிலின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 5,500 கெல்வின். அதே நேரத்தில், பத்தடி தள்ளி, வானம் மட்டும் ஒளி தரும் புளியமர நிழலில் அது 7,500 கெல்வினைத் தாண்டும். ஒயிட் பேலன்ஸ் என்பது கேமரா படம் முழுவதற்கும் தேர்ந்தெடுக்கும் ஒரே எண். வெயிலுக்குச் சரியாக வைத்தால் நிழலில் உள்ள நாற்று நீலம் பாரித்துக் கிடக்கும். நிழலுக்கு வைத்தால் வெயிலில் உள்ள பயிர் பழுத்தது போலத் தெரியும். எந்த எண்ணை வைத்தாலும் படத்தின் ஒரு பாதி பொய்யாகிறது.

அங்கே நின்று பார்த்த கண்ணுக்கு அப்படித் தெரிவதில்லை. போலராய்டு நிறுவனர் எட்வின் லேண்ட், ஜான் மக்கானுடன் சேர்ந்து 1971-இல் வெளியிட்ட சோதனைகள் புகழ்பெற்றவை. பல நிறத் தாள் துண்டுகளை ஒட்டிய பலகையின் மேல் மூன்று நிற விளக்குகளைப் பாய்ச்சி, ஒரு துண்டிலிருந்து முன்பு வந்த அதே ஒளி இப்போது வேறொரு துண்டிலிருந்து வரும்படி விளக்குகளைச் சரிசெய்தார்கள். கண்ணுக்குள் போன ஒளி ஒன்றே. பார்த்தவர்களோ ஒவ்வொரு துண்டையும் அதனதன் நிறத்திலேயே கண்டார்கள். நம் பார்வை ஒவ்வோர் இடத்தையும் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டே நிறத்தைத் தீர்மானிக்கிறது. கேமராவுக்கு அந்த இடவாரியான தீர்ப்பு இல்லை. நிழலுக்கு ஒரு மாஸ்க், வெயிலுக்கு ஒரு மாஸ்க் என்று போட்டுத் திருத்துபவர், கண் செய்த வேலையில் ஒரு பகுதியைப் படத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறார். ஒரே எண்ணால் திருத்துவதைவிட இது உண்மைக்கு அருகில் நிற்கிறது.

அடுத்த எதிர்ப்பு கனமானது. இடம் இடமாக மாற்றலாம் என்று கதவைத் திறந்துவிட்டால், காய்ந்த வயலைப் பச்சையாக்குபவரை எப்படித் தடுப்பது? நெல்வயலில் பச்சை அழகுக்கான விஷயம் மட்டுமில்லை, அது ஓர் அளவீடு. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இலை வண்ண அட்டையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கிறது. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்ட சிறு அட்டை அது. நட்டு இரண்டு வாரம் கழித்து, வாரம் ஒருமுறை, வயலில் பத்து இலைகளை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு எண் 3, மற்ற பல ரகங்களுக்கு எண் 4. பத்தில் ஆறு இலைகள் அதற்குக் கீழே போனால் தழைச்சத்து இட வேண்டும். ஒப்பிடும்போது இலையின் மேல் நேர் வெயில் படாமல் உடம்பால் நிழல் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். முடிந்தவரை அதே நேரத்தில், அதே ஆளே பார்க்கச் சொல்கிறார்கள். ஒளி மாறினால் எண் மாறிவிடும் என்பது இந்த அட்டையை வடித்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆக, வயலின் பச்சையில் ஒரு பட்டை என்பது உரச் செலவும் பயிரின் நலமும். படத்தில் வயலை ஒரு பட்டை தூக்குபவர், அந்தப் பயிர் பசியில்லாமல் இருக்கிறது என்று சாட்சி சொல்கிறார்.

ஆகவே கோட்டை எங்கே போடுவது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. மாஸ்க்கின் எல்லை, நிலத்தில் உள்ள ஓர் எல்லையாக இருக்க வேண்டும்: நிழல் விழும் கோடு, வரப்பு, கரை, தொடுவானம். திருத்தத்தின் காரணம், ஒளியிலோ காற்றிலோ கேமராவின் கணிப்பிலோ சுட்டிக்காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். நிழலின் நீலத்தை நீக்கினேன், தொலைவின் மூட்டத்தைக் குறைத்தேன் என்று சொல்ல முடிந்தால் அது திருத்தம். ஒரே வெயிலில், பக்கத்துப் பக்கத்து இரண்டு வயல்களில் ஒன்று மஞ்சளித்து நிற்க, அதற்கு மட்டும் மாஸ்க் போட்டுப் பச்சையேற்றினால் அதற்கு எந்த ஒளியையும் காரணம் காட்ட முடியாது, அது பொய். சுவரில் மாட்டும் படத்துக்கு இது பொருந்தாது என்பவர்களுக்குச் சொல்ல விரும்புவது, ட்ரைப்பின் படங்களைப் பார்த்தவர்கள் அவற்றை என்னவாக வைத்துக்கொண்டார்கள் என்பதை. 160 ஆண்டுகளுக்குப் பிறகு அவை சான்றுகளாகத்தான் படிக்கப்படுகின்றன. கொள்ளிடத்து வயலின் இன்றைய படமும் அப்படிப் படிக்கப்படும் நாள் வரும்.

இதையெல்லாம் கைபேசியே செய்துவிடுகிறதே என்பது மூன்றாவது கேள்வி. உண்மைதான். இப்போதைய கைபேசிகள் வானம், முகம், செடி என்று படத்தைத் தாமே பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்திய பிறகே நமக்குக் காட்டுகின்றன. அதாவது மாஸ்க்கே வேண்டாம் என்பவர்களின் படத்திலும் மாஸ்க் இருக்கிறது. யார் போட்டது, எவ்வளவு போட்டது என்பது மட்டும் தெரியாது. அந்த இயந்திரத்துக்குச் ‘செடி’ தெரியும். நெல்லும் கரும்பும் கருவேலமும் அதற்கு ஒரே வகுப்பாக இருக்கக்கூடும். தழைச்சத்துக் குறைந்த வயலையும் செழித்த வயலையும் ஒரே துடிப்பான பச்சைக்கு அது கொண்டுபோனால், அந்த வேறுபாட்டை மீட்க மூலக் கோப்பு நம் கையில் இருக்காது. கையால் போட்ட மாஸ்க்கை அணைத்துவிட்டுக் கீழே பார்க்க முடிவதற்கு நான் மதிப்புக் கொடுப்பதாகச் சொன்னது இதற்காகத்தான்.

அதனால் நிலக்காட்சி எடுப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுக்குகள் கலையாத கோப்பையும் ரா கோப்பையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். வயலில் நிற்கும்போதே, 18 சதவீத ஒளியைத் திருப்பும் சாம்பல் அட்டை ஒன்றை வெயிலில் ஒருமுறையும் நிழலில் ஒருமுறையும் பிடித்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலை. வீட்டுக்கு வந்து மாஸ்க் போடும்போது நிழலில் எவ்வளவு நீலம் இருந்தது என்பதை அந்த அட்டையின் எண்கள் சொல்லிவிடும்.